கார்த்திகையில் வெள்ளம், ஆனியில் காலிக் குடம்!

ஐப்பசி பிறந்து விட்டது என்பதை அறியக் காலண்டரைப் பார்க்க வேண்டியது இல்லை. சென்னையில் ஏதாவது ஒரு தெருவைப் பார்த்தால் போதும்.

தீபாவளிப் பட்டாசுக் காகிதம் நனைந்து, கூழாகி, சாக்கடை ஓரத்தில் ஒட்டிக் கிடக்கிறது. மாடியில் இருந்த துணிக்கொடி வீட்டுக் கூடத்துக்கு வந்து விட்டது. இஸ்திரி வண்டிக்காரர் தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டுகிறார். பூக்காரம்மா கூடையைப் பாலிதீன் தாளால் மூடிக்கொண்டு, கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறார்.

பிள்ளைகளுக்கு ஒரே கேள்விதான். "இன்னிக்கு லீவு விட்டாங்களா?"

தாய்மார்களுக்கும் ஒரே கேள்விதான்.

"என்னக்கா, உங்க வீட்லயாச்சும் துணி காஞ்சுதா?"

"எங்க காயுது! மூணு நாளா ஃபேனுக்கு அடியிலதான் கெடக்கு. இந்த மழை எப்பதான் விடுமோ!"

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே, எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து இருப்பார். அவர் மட்டும் சிரிப்பார்.

"இப்ப விடச் சொல்லுங்க. ஆனி மாசம் கொடத்தைத் தூக்கிக்கிட்டு லாரி பின்னாடி ஓடும்போது, எப்ப வரும்னு கேப்பீங்க!"

பாட்டி சொல்வதில் நியாயம் உண்டா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நமக்கு இலை உதிராது, மேகம் உதிரும்!

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம்.

மேல்நாடுகளில் கூதிர்காலம் வந்தால் மரங்களின் இலை பழுத்து உதிரும். பிறகு பனி கொட்டும். நம் ஊரில் அப்படி இல்லை. நமக்குக் கூதிர் என்றால் மழை. வடகிழக்குப் பருவமழை.

இந்த மழை எப்படி வருகிறது?

கோடை முடிந்த பிறகு, வடக்கே நிலம் குளிர்கிறது. காற்று திசை மாறுகிறது. வடகிழக்கில் இருந்து புறப்படும் காற்று, வங்கக் கடலைக் கடந்து வருகிறது. வரும் வழியில் கடலின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஈரத்தை நம் கரையில் கொட்டுகிறது. இடையே கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டானால், மழை பலக்கும். அது வலுத்தால் புயல் ஆகும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். மீனவர்கள் படகைக் கரையில் ஏற்றிவிட்டு, கடலைப் பார்த்தபடி இருப்பார்கள்.

நாட்டின் பெரும் பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. தமிழ்நாட்டுக்கோ, ஓர் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. சென்னையில் பாதிக்கும் மேல்!

சென்னையில் ஓர் ஆண்டில் சுமார் 140 சென்டி மீட்டர் மழை பெய்கிறது. "எப்போதும் மழை" என்று பெயர் வாங்கிய லண்டன் நகரில், ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 60 சென்டி மீட்டர்தான்.

அப்படியானால் லண்டனைவிட நமக்கு இரண்டு மடங்கு மழை! பிறகு ஏன் நமக்குத் தண்ணீர்ப் பஞ்சம்?

லண்டனில் மழை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறுகிறது. நமக்குச் சில வாரங்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. அது தினக்கூலி போன்றது. இது ஒரே தடவையில் கைக்கு வரும் அறுவடைப் பணம் போன்றது. அறுவடைப் பணத்தை அன்றே செலவு செய்தவன், மறு அறுவடை வரை என்ன சாப்பிடுவான்?

ஒரே நகரம், இரண்டு காட்சி

2015-ம் ஆண்டு டிசம்பர் 1. கார்த்திகை மாதம். மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியது. வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. வழியில் நிரம்பிய மற்ற ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்தது. அடையாற்றில் வெள்ளம் கரை புரண்டது.

சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் என்று வீடு வீடாக வெள்ளம் புகுந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. ரெயில்கள் நின்றன. மின்சாரம் இல்லை. பால் இல்லை. 1878-ம் ஆண்டு தொடங்கிய ஒரு பெரிய ஆங்கிலப் பத்திரிகை, முதல் தடவையாக அச்சாகவில்லை. அந்த மழைக்காலத்தில் மாநிலம் முழுவதும் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இது முதல் காட்சி.

2019-ம் ஆண்டு ஜூன். ஆனி மாதம். அதே சென்னை. முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து விட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்தது. நூறு குடம் கொள்ளும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை!

தெருவெங்கும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. நள்ளிரவில் லாரி வந்தாலும் எழுந்து ஓட வேண்டும். ஓட்டல்கள் சில, மதியச் சாப்பாட்டை நிறுத்தின. கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில, "வீட்டில் இருந்தே வேலை பாருங்கள்" என்று ஊழியர்களிடம் கூறின. தனியார் லாரித் தண்ணீர் விலை எகிறியது.

ஜூலை 12-ந்தேதி, ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு ரெயில் வந்தது. அதில் பயணிகள் இல்லை. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வந்தது! 200 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்து ரெயிலில் தண்ணீர் வர வேண்டிய நிலை!

இரண்டு காட்சிக்கும் இடையே நான்கே ஆண்டு.

இரண்டு காட்சியிலும் முதலில் அடிபட்டது யார்? ஏழைகள்தான். வெள்ளத்தில் போனது ஆற்றோரக் குடிசை. பஞ்சத்தில் போனது தினக்கூலிக்காரரின் பாதி நாள். தண்ணீருக்காக வரிசையில் நிற்கும் பெண், அன்று வேலைக்குப் போக முடியாது.

ஒரு மொட்டை மாடிக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டு மொட்டை மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 சென்டி மீட்டர் மழை பெய்கிறது. சாதாரண மழை. குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போய் வரலாம்.

அந்த மழையில் மாடியில் விழும் தண்ணீர் எவ்வளவு தெரியுமா? சுமார் 930 லிட்டர்! 15 லிட்டர் குடத்தால் அளந்தால், 62 குடம்!

அக்டோபர் முதல் டிசம்பர் வரை 80 சென்டி மீட்டர் பெய்தால்? சுமார் 74,000 லிட்டர். ஏறத்தாழ 5,000 குடம். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால், ஆறு லாரி.

கோடையில் காசு கொடுத்து வாங்கும் ஆறு லாரித் தண்ணீர், இப்போது காசு இல்லாமல் மாடியில் வந்து இறங்குகிறது. அதை நாம் குழாய் வழியே தெருவில் விடுகிறோம். தெருவில் தேங்கியதும், "ஐயோ, தண்ணீர்!" என்கிறோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மழைத் தண்ணீரைக் கடலுக்கு அனுப்புகிறோம். பிறகு நெம்மேலியில் கடல் தண்ணீரை எடுத்து, பெரும் செலவில் உப்பைப் பிரித்துக் குடிக்கிறோம்! அந்த ஆலைகள் தேவைதான். அவை இல்லாவிட்டால் நகரம் இன்னும் திண்டாடும். ஆனால் வானம் உப்பு நீக்கித் தந்த தண்ணீரை உப்பில் கலந்துவிட்டு, மீண்டும் உப்பு நீக்குவது என்ன கணக்கு?

ஏரி எங்கே போனது?

முன்பு இந்தத் தண்ணீர் எங்கே தங்கியது? ஏரியில் தங்கியது.

இன்றைக்கும் மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" உண்டு. நுங்கம்பாக்கத்தில் "டேங்க் பண்ட் ரோடு" உண்டு. லேக் என்றால் ஏரி. டேங்க் பண்ட் என்றால் ஏரிக்கரை. பெயர் இருக்கிறது. ஏரி இல்லை!

நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது அந்த ஏரி. 1920-களில் மாம்பலம் பகுதியில் ஏரி வற்ற வைக்கப்பட்டது. அந்த இடத்தில் தியாகராயநகர் எழுந்தது. பிறகு மற்ற பகுதிகளும் வீடுகளாயின. மழை பலத்தால் தியாகராயநகர்த் தெருக்களில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று கேட்கிறோம். தண்ணீர் வழி தவறி வரவில்லை. பழைய வீட்டைத் தேடி வருகிறது!

தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சுற்றிலும் உள்ள பல ஏரிகளின் உபரி நீர் இங்கேதான் வந்து சேரும். இதன் பெரும் பகுதி கட்டடமாகவும், சாலையாகவும், குப்பை மேடாகவும் மாறி விட்டது. மிஞ்சிய பகுதிக்கு 2022-ம் ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழை கொட்டியபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மக்கள் படகில் மீட்கப்பட்டார்கள். மிஞ்சிய சதுப்பு நிலத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வடிகாலா? கிணறா?

வெள்ளம் வந்ததும் எல்லோரும் கேட்பது மழைநீர் வடிகால். சர்க்காரும் மாநகராட்சியும் பெரும் பணம் செலவிட்டு வடிகால் கட்டுகின்றன. 2021 நவம்பரில் நகரம் மிதந்த பிறகு, இந்த வேலை மேலும் வேகம் பிடித்தது.

வடிகால் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே நாளில் 40, 50 சென்டி மீட்டர் கொட்டினால், எந்த உறிஞ்சு குழியும் அதைக் குடிக்காது. தாழ்வான இடங்களில் தரை ஏற்கெனவே ஊறி நிற்கும். அங்கே குழி வெட்டிப் பயன் இல்லை. வடிகால்தான் உயிரைக் காக்கும்.

ஆனால் அப்படிக் கொட்டும் நாட்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணி விடலாம். மற்ற மழை நாட்களில் பெய்வது 1 சென்டி மீட்டர், 2 சென்டி மீட்டர், 3 சென்டி மீட்டர். இந்தச் சின்ன மழைதான் கிணற்றை நிரப்பும் மழை. இதையும் வடிகாலில் விடுவதுதான் தவறு.

ஆகவே வரிசை இதுதான். முதலில் நிலம். பிறகு குளமும் ஏரியும். மிஞ்சியது வடிகால். நாம் வரிசையைத் தலைகீழாக வைத்து இருக்கிறோம்.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. 2003-ம் ஆண்டிலேயே, தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. அப்போது தெருத் தெருவாகக் குழாய் பதித்தார்கள். 2005-ல் மழையும் நன்றாகப் பெய்தது. பல தெருக்களில் கிணற்று நீர் மேலே வந்தது. உப்புக் கரித்த தண்ணீர் சுவை மாறியது என்று இன்றும் சொல்வோர் உண்டு.

பிறகு என்ன ஆயிற்று? குழாய் உடைந்தது. குழியில் மண் மூடியது. அதன் மேல் சிமெண்டு போட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தினோம். புதிய வீடுகளில், அனுமதி வாங்குவதற்காகக் குழி வெட்டினார்கள். அதில் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பார் இல்லை.

சட்டம் போட்டவர்கள் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். அது அவர்கள் கடமை. குழியைத் திறந்து பார்ப்பது யார் கடமை? நம் கடமை!

சிறிய கொசு, பெரிய ஆபத்து

மழையோடு வரும் இன்னொரு விருந்தாளி கொசு.

டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பது இல்லை. நல்ல தண்ணீரில் பிறக்கிறது! பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகியவைதான் அதன் பிரசவ ஆஸ்பத்திரி. முட்டை, கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அது பகலில் கடிக்கும்.

ஆகவே வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றி நடந்து, தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டி இருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக் கணக்கில் சாகாது.

காய்ச்சல் வந்தால், கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

"தண்ணீரைச் சேமி என்கிறீர்கள், கொட்டு என்றும் சொல்கிறீர்களே!" என்று சிலர் கேட்கலாம். இரண்டும் ஒன்றுதான். மண்ணுக்குள் போன தண்ணீரில் கொசு பிறக்காது. மண்ணுக்கு மேல் நிற்கும் தண்ணீரில்தான் பிறக்கும்.

இந்த வாரமே செய்யக் கூடியவை

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு தெருவில் பத்து வீடு சேர்ந்தால் போதும்.

மொட்டை மாடியைப் பெருக்குங்கள். இலையும் பட்டாசுக் குப்பையும் குழாய் வாயை அடைக்கும்.

முதல் மழைத் தண்ணீரை வெளியே விடுங்கள். அதில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும். அடுத்த மழையில் இருந்து கிணற்றுக்குத் திருப்புங்கள்.

வடிகட்டும் தொட்டியில் உள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்து, கழுவிப் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை இது போதும்.

கிணறு இருந்தால் அதை மூடிக் குப்பைத் தொட்டி ஆக்காதீர்கள். மழைநீருக்கு அதைவிட நல்ல பெட்டகம் இல்லை. ஆனால் கழிவு நீர் அதில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசல் முழுவதும் சிமெண்டு பூசாதீர்கள். நான்கு அடி மண்ணாவது மூச்சு விடட்டும்.

வடிகால் வாயில் பாலிதீன் பையையும், இளநீர்க் கூட்டையும் போடாதீர்கள். அடைத்து இருந்தால் மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

தண்ணீர் நிற்கும் இடத்தில் மின்சாரக் கம்பம், மின்பெட்டி பக்கம் போகாதீர்கள். பிள்ளைகளையும் விடாதீர்கள்.

வாடகை வீட்டுக்காரர் கேட்கலாம்: "வீடு எங்களுது இல்லையே! நாங்க ஏன் செய்யணும்?" வீடு சொந்தக்காரருடையதுதான். ஆனால் கோடையில் குடம் தூக்கப் போவது யார்?

பனி வருவதற்குள்

கார்த்திகை தீபம் வரும். ஈரத் திண்ணையில் அகல் விளக்கு வரிசையாக எரியும். மழை மெல்ல ஓயும். பிறகு மார்கழி பிறக்கும். விடியற்காலையில் பனி இறங்கும். வாசலில் பெரிய கோலம். நடுவே பூசணிப் பூ. டீக்கடையில் மப்ளர் கட்டியவர்கள் கூட்டம். "என்னா குளிரு!" என்று நாமும் சொல்லிக்கொள்வோம்.

அப்போது தெரு காய்ந்து விடும். வெள்ளம் மறந்து விடும். குழி மூடியே கிடக்கும். அடுத்த பேச்சு ஆனியில்தான். அதுவும் லாரிக்குப் பின்னால்!

"கர்ணனுக்குப் பின் கொடை இல்லை, கார்த்திகைக்குப் பின் மழை இல்லை" என்பது பழமொழி. கர்ணன் வாசலில் நிற்கிறான். அள்ளி அள்ளிக் கொடுக்கிறான். வாங்கி வைக்கப் பாத்திரம் வேண்டாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும், மாடிக்குப் போய்க் குழாய் வாயைப் பாருங்கள். கீழே வந்து, அந்தக் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

அது தெருவுக்குப் போனால், உங்கள் வீட்டு 5,000 குடம் கடலுக்குப் போகிறது. கிணற்றுக்குப் போனால், ஆனி மாதம் உங்கள் குடம் காலியாக இராது. எதிர் வீட்டுப் பாட்டியும் லாரி பின்னால் ஓட வேண்டியது இருக்காது!